நீளம் பலமல்ல

செயின் சா வைத்திருப்பவர்களிடையே இரண்டு கருத்துகள் கேட்பார் இல்லாமல் நிலைத்துவிட்டன. செயின் சுற்றி ஓடும் இரும்புப் பட்டையான பார் தேய்ந்து மாற்றும்போது எஞ்சின் இழுக்கிற வரைக்கும் நீளமானதாகப் பார்த்துப் போட வேண்டும், நீளம் கூடினால் வேலை சீக்கிரம் முடியும் என்பது முதலாவது. செயின் வாங்க இன்ச் தெரிந்தால் போதும், இன்ச் ஒத்துப்போனால் எந்தச் செயினும் ஓடும் என்பது இரண்டாவது. இரண்டுக்கும் அடியில் இருப்பது ஒரே நம்பிக்கை: பாரின் நீளத்தைக் குறிக்கும் அந்த ஒற்றை எண்ணே எல்லாவற்றையும் சொல்லிவிடும்.

இந்த நம்பிக்கையைக் கடைக்காரர்கள் வளர்க்கிறார்கள், ஆன்லைன் விளம்பரங்கள் வளர்க்கின்றன, கூலிக்கு மரம் அறுக்கப் போகிறவர்களின் பேச்சும் வளர்க்கிறது. 58 சிசி என்று அட்டைப்பெட்டியில் அச்சிட்டு, 22 இன்ச் பாரை மாட்டி, வெளிநாட்டுத் தயாரிப்புகளின் விலையில் ஒரு பங்குக்கே கிடைக்கும் மெஷின்கள் தமிழ்நாட்டின் ஊர்களுக்குள் வந்தபிறகு இது இன்னும் வேகமாகப் பரவியிருக்கிறது. 18 இன்ச் பார் வைத்திருப்பவரைப் பார்த்து, "சின்ன பிளேடை வைத்துக்கொண்டு என்ன செய்வீர்கள்?" என்று கேட்கும் அளவுக்கு வந்துவிட்டது.

இந்தக் கருத்து தவறானது, செலவு வைப்பது, ஆளைக் காயப்படுத்துவது. மாற்றுப் பாரும் செயினும் வாங்கும்போது இன்ச் என்பது கடைசியாகப் பார்க்க வேண்டிய எண். அதிலும், உங்கள் வேலைக்குப் போதுமானவற்றில் மிகக் குட்டையான பாரைத் தேர்ந்தெடுப்பதே சரி. எதிர்த்தரப்பு சொல்லும் காரணங்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு பார்ப்போம்.

முதலில் இன்ச் என்ற அளவே எவ்வளவு நம்பத்தக்கது என்று பார்க்கலாம். பாரின் மேல் சொல்லப்படும் நீளம் பாரின் முழு நீளமன்று. மெஷினுக்கு வெளியே, மரத்தில் பாயக்கூடிய பகுதியின் நீளம் அது. அதையும் முழு எண்ணுக்கு ஏற்றித்தான் சொல்கிறார்கள். பார் மெஷினுக்குள் எவ்வளவு தூரம் நுழைகிறது, செயினை ஓட்டும் பல்சக்கரமான ஸ்பிராக்கெட்டிலிருந்து எவ்வளவு தள்ளி உட்காருகிறது என்பது மாடலுக்கு மாடல் மாறும். ஆகவே செயினின் சுற்றளவும் மாறும். ஸ்டிஹில் நிறுவனத்தின் எம்எஸ் 250 மெஷினில் 18 இன்ச் பாருக்கு 68 டிரைவ் லிங்க் (பாரின் பள்ளத்துக்குள் இறங்கி ஓடும் கண்ணி) கொண்ட செயின் வேண்டும். அதே நிறுவனத்தின் எம்எஸ் 290 மெஷினில் அதே 18 இன்ச் பாருக்கு 74 வேண்டும். ஹஸ்க்வர்னாவின் 18 இன்ச் பாருக்கு 72. மூன்றுக்கும் பிட்ச், அதாவது கண்ணிகளின் இடைவெளி, .325 இன்ச்தான். மூன்றையும் கடையில் "18 இன்ச் செயின்" என்றுதான் கேட்பார்கள். ஒன்று மற்றொன்றில் ஏறாது, ஏறினால் தொங்கும்.

நம் ஊர்களில் அதிகம் ஓடும் மலிவு மெஷின்களை எடுத்துக்கொண்டாலும் இதே கதைதான். அவற்றின் 18 இன்ச் பாருக்கு வழக்கமாக 72 டிரைவ் லிங்க், 20 இன்ச்சுக்கு 76, 22 இன்ச்சுக்கு 86. பார் இரண்டு இன்ச் நீண்டால் செயின் மேலும் கீழுமாக நான்கு இன்ச் நீள வேண்டும். .325 பிட்ச் செயினில் ஒரு டிரைவ் லிங்க் பிடிக்கும் இடம் 0.65 இன்ச். எனவே இரண்டு இன்ச்சுக்கு ஏறத்தாழ ஆறு லிங்க் கூட வேண்டும். ஆனால் 18லிருந்து 20க்குப் போகும்போது நான்குதான் கூடுகிறது. 20லிருந்து 22க்குப் போகும்போது பத்து கூடுகிறது. கணக்கு எங்கும் நேராக வரவில்லை. அந்த இன்ச்கள் அளவுகளாக இருந்தால் வந்திருக்கும். அவை விற்பனைக்கு வைத்த பெயர்கள். பெயரை வைத்துக்கொண்டு உதிரிப்பாகம் வாங்கினால் பாதி வேளை வீண்தான்.

அப்படியானால் எதைப் பார்க்க வேண்டும்? நான்கு விஷயங்கள்: பிட்ச், கேஜ், டிரைவ் லிங்க் எண்ணிக்கை, பாரின் அடிப்பகுதி மெஷினில் பொருந்தும் விதம். பிட்ச் என்பது அடுத்தடுத்த மூன்று ரிவெட்டுகளுக்கு இடையிலான தூரத்தில் பாதி. இதைத் தெரிந்துகொள்ளச் சாதாரண ஸ்கேல் போதும். முதல் ரிவெட்டின் நடுவிலிருந்து மூன்றாவது ரிவெட்டின் நடுவுக்கு 16.5 மில்லிமீட்டர் வந்தால் .325. 19 மில்லிமீட்டர் வந்தால் 3/8. இதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. 3/8 செயினில் சாதாரண வகை, தாழ்வான வகை என இரண்டு உண்டு. தாழ்வான வகை சிறிய மெஷின்களுக்கானது. இரண்டிலும் 19 மில்லிமீட்டர்தான் வரும், ஆனால் செயினின் உயரமும் ஸ்பிராக்கெட்டில் உட்காரும் விதமும் வேறு. ஒன்றின் ஸ்பிராக்கெட்டில் மற்றொன்றை ஓட்டினால் இரண்டும் கெடும்.

கேஜ் என்பது டிரைவ் லிங்கின் தடிமன். பாரின் விளிம்பில் ஓடும் பள்ளத்துக்குள் இறங்கும் பகுதி அது. 1.1, 1.3, 1.5, 1.6 மில்லிமீட்டர் என நான்கு அளவுகள் பெருவழக்கு. வித்தியாசம் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒன்றிரண்டு பங்குதான் என்பதால் "அதெல்லாம் ஓடும்" என்று கொடுத்துவிடுகிறார்கள். 1.6 செயின் 1.5 பள்ளத்தில் இறங்காது, அதனால் அந்தத் தவறு உடனே தெரிந்துவிடும். 1.3 செயினை 1.5 பள்ளத்தில் போடுவதுதான் ஆபத்தான தவறு. அது ஏறும், ஓடும், வெட்டவும் வெட்டும். ஆனால் செயின் பக்கவாட்டில் சாய்ந்து ஆடும். வெட்டு நேராகப் போகாமல் வளையும். பள்ளத்தின் சுவர்கள் ஒருபக்கமாகத் தேயும். பிறகு சரியான செயினையே வாங்கிப் போட்டாலும் அந்த பாரில் அது நேராக நிற்காது. நூறு இருநூறு ரூபாய் மிச்சம் பிடிக்கப் போய் பாரையே பறிகொடுக்கும் வழி இது.

பிட்ச் எண் மூன்று இடங்களில் ஒன்றாக இருக்க வேண்டும்: செயினில், மெஷினின் டிரைவ் ஸ்பிராக்கெட்டில், பாரின் மூக்கில் இருக்கும் குட்டிச் சக்கரத்தில். கேஜ் எண் செயினிலும் பாரிலும் ஒத்துப்போக வேண்டும். இவற்றைப் பெரும்பாலும் பாரின் அடிப்பகுதியிலேயே பொறித்திருப்பார்கள். டிரைவ் லிங்கிலும் எண் இருக்கும். ஓரிகன் நிறுவனத்தின் செயினில் 20 என்றிருந்தால் .325 பிட்ச், 1.3 கேஜ். 21 என்றிருந்தால் அதே பிட்ச், 1.5 கேஜ். 22 என்றால் 1.6. பழைய செயினைத் துடைத்துப் பார்த்தால் வாங்க வேண்டியது எது என்று அந்த இரும்பே சொல்லும். அப்படியிருக்க இன்ச்சை மட்டும் சொல்லிக் கேட்பதற்கு எந்த நியாயமும் இல்லை.

நீளத்தை விரும்புகிறவர்களின் முதன்மையான வாதம் எஞ்சினைப் பற்றியது. "58 சிசி இழுக்கும், பெட்டியிலேயே 22 இன்ச் பார்தானே வருகிறது" என்கிறார்கள். பெட்டியில் வருவது விற்பனைக்காரரின் முடிவு. அது எஞ்சினின் பலத்துக்குச் சான்றாகாது. ஒப்பிட்டுப் பாருங்கள். ஹஸ்க்வர்னா 455 ராஞ்சர் 55.5 சிசி எஞ்சின், 2.6 கிலோவாட் சக்தி. அதைத் தயாரித்தவர்களே அதற்குப் பரிந்துரைக்கும் அதிகபட்ச பார் 20 இன்ச். பல பத்தாண்டுகளாக இதையே தொழிலாகக் கொண்டவர்கள் 55.5 சிசிக்கு 20க்கு மேல் வேண்டாம் என்று நிறுத்திக்கொள்கிறார்கள். அதைவிட மலிவான உலோகமும் தளர்வான பொருத்தமும் கொண்ட மெஷின் மட்டும் 22ஐ எப்படிச் சுலபமாக இழுக்கும்?

பல்லின் கணக்கைப் போட்டால் இது இன்னும் தெளிவாகும். .325 பிட்ச் செயினில் வழக்கமான வரிசைப்படி சுமார் 33 மில்லிமீட்டருக்கு ஒரு வெட்டும் பல் வரும். 30 சென்டிமீட்டர் பருமனுள்ள மரத்தை அறுக்கும்போது எந்த நேரத்திலும் ஏறத்தாழ 9 பற்கள் மரத்தில் கடித்துக்கொண்டிருக்கும். 50 சென்டிமீட்டர் மரமென்றால் 15. இப்போது 22 இன்ச் பாரை இந்த இரண்டு மரங்களிலும் வைத்துப் பாருங்கள். 30 சென்டிமீட்டர் மரத்தில் 16 இன்ச் பார் போட்டாலும் 9 பல்தான், 22 இன்ச் பார் போட்டாலும் 9 பல்தான். வெட்டும் வேகத்தில் துளி லாபமில்லை. கூடுதல் ஆறு இன்ச் பாரும் அதன் மேல் ஓடும் செயினும் வெறும் உராய்வாக எஞ்சினின் சக்தியைத் தின்னும், எண்ணெயைத் தின்னும். 50 சென்டிமீட்டர் மரத்தில் 15 பல்லும் ஒரே நேரத்தில் கடிக்கும்போது சுழற்சி விழுகிறது. ஆள் மெஷினை அழுத்துகிறார். கிளட்ச் வழுக்கிச் சூடாகிறது. செயின் கடிப்பதை விட்டுத் தேய்க்கத் தொடங்குகிறது. மெலிந்த மரத்தில் நீளம் சும்மா சுற்றுகிறது, பருத்த மரத்தில் எஞ்சின் திணறுகிறது. அந்த எஞ்சினுக்கு அந்த நீளம் உதவும் மரம் ஒன்றுமே இல்லை.

எண்ணெயைப் பற்றியும் சொல்ல வேண்டும். மெஷினின் எண்ணெய் பம்ப் ஒரு நிமிடத்துக்கு இவ்வளவுதான் தள்ளும். அந்த அளவைக் குட்டையான பாருக்கு நிர்ணயித்திருந்தால், நீண்ட பாரின் மூக்குவரை எண்ணெய் போதுமான அளவு போய்ச் சேராது. மூக்கருகே பார் நீலம் பாய்ந்து கறுத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது சூட்டின் தழும்பு. "செயின் சீக்கிரம் தொங்குகிறது, மட்டமான சரக்கு" என்று செயினைத் திட்டுகிறவர்களில் பலர், எண்ணெய் எட்டாத நீளத்தில் அதை ஓட்டியிருப்பார்கள். எஞ்சினிலிருந்து வடித்த பழைய எண்ணெயை இதில் ஊற்றும் பழக்கம் சேர்ந்துகொண்டால் இன்னும் கேடு. அதில் உலோகத் துகள் இருக்கிறது, செயினோடு ஒட்டிக்கொண்டு போகும் பிசுபிசுப்பு இல்லை.

அடுத்த வாதம்: "பெரிய மரம் வந்தால் என்ன செய்வது?" கேள்வி நியாயமானது, பதிலும் தெளிவானது. பாரின் வெட்டும் நீளத்தைவிடப் பருத்த மரத்தை இரண்டு பக்கமிருந்தும் வெட்டிச் சாய்க்கலாம். முறையாகச் செய்தால் பாரின் நீளத்தைப் போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு பருமன்வரை போகலாம். மரம் விழ வேண்டிய திசையில் ஆப்பு வடிவில் முகவெட்டு போட்டு, பின்பக்கமிருந்து ஒருபாதியையும் மறுபக்கம் நகர்ந்து மறுபாதியையும் அறுத்து, நடுவில் பிடிமரத்தை அறுபடாமல் விட்டால் மரம் சொன்ன திசையில் சாயும். அந்தப் பிடிமரம் அடிமரத்தின் விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு, இரு முனைகளிலும் சமமாக நிற்க வேண்டும். குட்டையான பாரின் மூக்கு எங்கே நிற்கிறது என்று ஆளுக்குத் தெரியும், ஆகவே பிடிமரத்தை அளந்து விடுவது எளிது. நீண்ட பாரை ஒரே இழுப்பில் மறுபக்கம்வரை நுழைக்கிறவருக்கு மறுமுனையில் எவ்வளவு மிச்சமிருக்கிறது என்பது தெரிவதில்லை. ஒருபக்கம் பிடிமரம் முழுதும் அறுந்துபோனால் மரம் திரும்பி விழும். உயிர்ப்பலி வாங்கும் தவறு அது.

தவிர, நாம் அன்றாடம் அறுக்கும் மரங்கள் எவை? தென்னையின் நடுமரம் பெரும்பாலும் 30 சென்டிமீட்டரை ஒட்டியது, தூரில் மட்டும் பருக்கும். சீமைக் கருவேலம் விறகுக்கும் கரிக்கும் வெட்டப்படும்போது பெரும்பாலும் அதைவிட மெலிந்தது. வேலியோர வேம்பு, பூவரசு, முருங்கை, சவுக்கு இவற்றுக்கெல்லாம் 16 இன்ச் பாரே தாராளம். 16 இன்ச் என்பது 40 சென்டிமீட்டர். 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையேறி, தஞ்சை, புதுக்கோட்டை, நாகை, திருவாரூர் மாவட்டங்களின் தென்னந்தோப்புகளைச் சாய்த்துப் போட்டது. அங்கே குவிந்து கிடந்தவையும் பெரும்பாலும் இந்த அளவுத் தண்டுகள்தான். ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும் தண்டுகளுக்கு நடுவே நீண்ட பாரை விடும்போது, அறுக்கும் மரத்தைத் தாண்டி அதன் மூக்கு அப்பால் கிடக்கும் தண்டிலோ மண்ணிலோ போய் முட்டும். குட்டையான பார் அறுக்கும் மரத்தோடு நின்றுவிடும்.

மூக்கு முட்டுவது ஏன் இவ்வளவு முக்கியம்? .325 செயினை 7 பல் ஸ்பிராக்கெட்டில், நிமிடத்துக்கு 10,000 சுற்றில் ஓட்டினால் செயின் நொடிக்கு 19 மீட்டருக்கும் மேல் போகும். ஒரு புள்ளியை ஒரு நொடியில் ஐந்நூறுக்கு மேற்பட்ட வெட்டும் பற்கள் கடக்கும். அந்த வேகத்தில் பாரின் மூக்கின் மேல் கால்பகுதி எதிலாவது பட்டால், பல் வெட்டுவதற்குப் பதில் மாட்டிக்கொள்ளும். செயினின் வேகம் முழுதும் பாரின்மேல் திரும்பும். பார் மேல்நோக்கி எகிறி, பிடித்திருப்பவரின் தோளையும் கழுத்தையும் முகத்தையும் நோக்கி வரும். கிக்பேக் என்று சொல்லப்படுவது இதுதான். கையை இழுத்துக்கொள்ள நேரமிருக்காது. மூக்கு கண்ணுக்கு எட்டாத தூரத்தில் இருப்பதும், மரத்தைத் தாண்டி நீட்டிக்கொண்டிருப்பதும் இதற்கு வாசல் திறந்துவைப்பது போல.

"கை பழகியவனுக்கு இதெல்லாம் வராது" என்பது இதற்கு வரும் பதில். கை பழகினால் வெட்டு நேராகும், களைப்பு குறையும். செயின் மாட்டிக்கொண்ட நொடியில் பார் எகிறும் வேகத்தைப் பழக்கத்தால் குறைக்க முடியாது. அதைக் குறைக்கக்கூடியவை கருவியின் அமைப்பில் இருக்கின்றன: சின்ன வளைவு கொண்ட மூக்குள்ள பார், பற்களுக்கு முன்னால் கூடுதல் தடுப்பு வைத்த குறை-கிக்பேக் செயின், வேலை செய்யும் நிலையில் இருக்கும் செயின் பிரேக். இந்தச் செயின்களைப் "பிள்ளைகளுக்கானவை, வேகம் போதாது" என்று ஒதுக்குகிறார்கள். மூக்கை நேராக மரத்துக்குள் குத்தி நுழைக்கும் வெட்டில் அவை சற்று மெதுவாகப் போவது உண்மை. தோப்பிலும் வீட்டு வாசலிலும் அந்த வெட்டு எத்தனை முறை தேவைப்படுகிறது? ஒரு நாளின் மொத்த வேலையில் சில நிமிடங்கள் மிச்சமாவதற்காக முகத்தைப் பணயம் வைக்கச் சொல்லும் அறிவுரையை யார் கொடுத்தாலும் ஏற்கக் கூடாது.

இந்தப் பணயத்தை வைப்பவர் யார் என்பதையும் யோசிக்க வேண்டும். மெஷினை வாங்குகிறவர் தோப்புக்காரராகவோ ஒப்பந்தக்காரராகவோ இருப்பார். பிடித்து அறுப்பவர் நாள் கூலிக்கு வந்தவர். தொடையைக் காக்கும் தனிவகைக் கால்சட்டை ஒன்று உண்டு. செயின் பட்டதும் அதிலுள்ள நீண்ட இழைகள் வெளிவந்து ஸ்பிராக்கெட்டில் சிக்கி மெஷினை நிறுத்தும். நம் ஊரில் அதைப் போட்டுக்கொண்டு மரம் அறுப்பவரைக் காண்பது அரிது. மடித்துக் கட்டிய கைலியும் ரப்பர் செருப்புமாக நிற்கிறார்கள். தலைக்கவசமும் கண் கண்ணாடியும் வாங்கித் தராத முதலாளி, பெருமைக்காக 22 இன்ச் பாரை மட்டும் வாங்கித் தருகிறார். பாரைக் குறைத்தால் முன்பாரம் குறையும், மாலையில் அந்த ஆளின் மணிக்கட்டும் முதுகும் பிழைக்கும். உதிரிப்பாகம் வாங்கும் முடிவு மற்றொருவரின் உடம்பைப் பற்றிய முடிவு. அதை வாங்குகிறவர் உணர வேண்டும்.

"குனிய வேண்டாம், கிளையை நின்றபடியே அறுக்கலாம்" என்று நீளத்துக்கு ஆதரவாகச் சொல்லப்படுவதில் உண்மை இருக்கிறது. தரையில் கிடக்கும் மெலிந்த கிளைகளைத் தொடர்ந்து அறுப்பவருக்கு நீண்ட பார் முதுகைக் காக்கும். ஆனால் முதுகு மிச்சமாவதைக் கை சுமக்கிறது. எடை முன்னால் போவதால் ஒவ்வொரு வெட்டிலும் மெஷினைத் தூக்கிப் பிடிக்க வேண்டும். களைத்த கை மூக்கைத் தாழ விடும். மூக்கு மண்ணைத் தொடும். மண்ணை ஒருமுறை தொட்ட செயின் மழுங்கிவிடும், மறுபடி அரம் போட வேண்டும். நீண்ட செயினில் அரம் போட வேண்டிய பல்லும் அதிகம். 72 டிரைவ் லிங்க் செயினில் 36 வெட்டும் பற்கள், 86 டிரைவ் லிங்கில் 43. முதுகு பெற்ற லாபம் அரத்தடியில் கரைந்துபோகிறது.

வேகம் எங்கிருந்து வருகிறது என்ற கேள்விக்கு இந்தக் கருவியின் வரலாறே பதில் வைத்திருக்கிறது. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் மரம் வெட்டிக்கொண்டிருந்த ஜோசப் காக்ஸ், 1946இல் ஒரு வண்டின் புழு மரத்தைக் குடைவதைக் கவனித்தார். அதன் தாடைகள் இடமும் வலமுமாக மாறி மாறி வெட்டிக்கொண்டு, நாரின் போக்கைப் பொருட்படுத்தாமல் முன்னேறின. அதைப் பார்த்து அவர் செய்த சிப்பர் செயின் 1947இல் விற்பனைக்கு வந்தது. இன்று உலகெங்கும் ஓடும் செயின்கள் அதன் வழிவந்தவை. பாரை நீட்டி அவர் வேகத்தைக் கூட்டவில்லை, பல்லின் வடிவத்தை மாற்றிக் கூட்டினார். மாற்றுச் செயின் வாங்கும் நம் கவனமும் பல்லின் மேல்தான் இருக்க வேண்டும்.

அந்தப் பல்லில் இரு பெரும் வகைகள் உண்டு. மூலை சதுரமாகக் கூர்ந்த ஃபுல் சிசல், மூலை உருண்ட செமி சிசல். கடையில் "நல்லா வெட்டும்" என்று கொடுப்பது பெரும்பாலும் முதல் வகை. சுத்தமான, மென்மையான, பச்சை மரத்தில் அது வேகமானதுதான். குளிர்நாட்டுப் பைன் காடுகளுக்கு அது பொருந்தும். நம் மரங்கள் அப்படியல்ல. தென்னைத் தண்டின் வெளிவட்டம் கடினமானது, பல்லைத் தின்பது. சீமைக் கருவேலத்தின் தூரில் மண் அப்பியிருக்கும். வைரம் பாய்ந்த புளியும் வேம்பும் இரும்புபோல் எதிர்க்கும். சாலையோர மரத்துக்குள் விளம்பரத் தட்டி அடித்த ஆணி புதைந்திருக்கும். இவற்றில் ஃபுல் சிசலின் கூர்மூலை சீக்கிரம் உடைந்துவிடும், உடைந்தபின் அது வெட்டாது. செமி சிசல் முதல் சில நிமிடங்கள் சற்றே மெதுவாக இருக்கலாம், ஆனால் கூர் நெடுநேரம் நிற்கும். மாலைவரை வேலை செய்கிறவருக்கு அதுவே வேகமான செயின். .325 செயினுக்கு 4.8 மில்லிமீட்டர் வட்ட அரம் வேண்டும். பல்லுக்கு முன்னால் நிற்கும் ரேக்கரை 0.65 மில்லிமீட்டர் தாழ்வில் வைக்க வேண்டும். ரேக்கரை ஆழமாகத் தேய்த்துவிட்டு "இப்போதுதான் கடிக்கிறது" என்று மகிழ்கிறவர்கள், கிக்பேக்கைக் கையால் அழைக்கிறார்கள்.

இனிச் செலவுக் கணக்கு. "பார் நன்றாகத்தான் இருக்கிறது, செயினை மட்டும் மாற்று" என்பார்கள். சில நேரம் அது சரி. ஒரு பார் மூன்று நான்கு செயின்களைத் தாங்கும். ஆனால் பார்க்காமல் அப்படிச் சொல்வது தவறு. பாரைக் கழற்றி அதன் விளிம்பைத் தடவுங்கள், பிசிறு இருந்தால் தட்டை அரத்தால் எடுங்கள். நேரான சட்டம் ஒன்றை வெட்டும் பல்லின் பக்கத்திலும் பாரின் பக்கத்திலும் ஒட்டி வையுங்கள். சட்டத்துக்கும் பாருக்கும் நடுவே இடைவெளி தெரிய வேண்டும். இடைவெளி இல்லாமல் செயின் சாய்ந்தால் பள்ளத்தின் சுவர் தேய்ந்துவிட்டது. டிரைவ் லிங்கின் நுனி பள்ளத்தின் அடியில் தட்டினாலும் பாரின் ஆயுள் முடிந்தது. அரம் போடும் ஒவ்வொரு முறையும் பாரைத் தலைகீழாகத் திருப்பி மாட்டினால் இரு விளிம்பும் சமமாகத் தேயும், ஆயுள் நீளும்.

ஸ்பிராக்கெட்டை நினைப்பவர்கள் இன்னும் குறைவு. தேய்ந்த ஸ்பிராக்கெட்டின் பல் பழைய, நீண்ட செயினோடு சேர்ந்து உருமாறியிருக்கும். அதில் புதுச் செயினை ஏற்றினால் பிட்ச் ஒத்துப்போகாமல் ரிவெட்டுகள் இழுபட்டுச் சீக்கிரம் தொங்கும். இரண்டு செயினுக்கு ஒரு ஸ்பிராக்கெட் மாற்ற வேண்டும் என்பதே தயாரிப்பாளர்கள் சொல்லும் பொது விதி. 22 இன்ச்சுக்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணத்தை இந்தச் சின்னச் சக்கரத்துக்குக் கொடுத்தால் செயினின் ஆயுள் கூடும்.

நீண்ட பாருக்கே இடமில்லை என்று நான் சொல்லவில்லை. 70 சிசிக்கு மேற்பட்ட, 4 கிலோவாட்டை ஒட்டிய சக்தியுள்ள தொழில்முறை மெஷின்கள் 24 இன்ச்சும் அதற்கு மேலும் இழுக்கும். 2016 டிசம்பரில் வர்தா புயல் சென்னைச் சாலைகளில் பெருமரங்களைக் குறுக்கே போட்டபோது அத்தகைய மெஷினுக்கு வேலை இருந்தது. தூங்குமூஞ்சி மரத்தின் அடியைத் துண்டு போடவும், அடிமரத்தைப் பலகையாக அறுக்கவும் நீளம் வேண்டும். அங்கேயும் பற்கள் இடைவெளி விட்டு வரும் ஸ்கிப் செயினைப் போட்டு எஞ்சினின் பாரத்தைக் குறைக்கிறார்கள். எஞ்சின், மரம், பயிற்சி மூன்றும் கூடிய இடத்தில் நீளம் கருவியாகிறது. 50 சிசி வட்டாரத்தில் நிற்கும் தோப்பு மெஷினில் இந்த மூன்றில் முதலாவதே இல்லை.

ஆகவே கடைக்குப் போகும்போது பழைய பாரையும் செயினையும் கையில் கொண்டுபோங்கள். பிட்ச், கேஜ், டிரைவ் லிங்க் எண்ணிக்கை மூன்றையும் காகிதத்தில் எழுதிக்கொள்ளுங்கள். லிங்கை ஒவ்வொன்றாக எண்ணுவதற்கு ஐந்து நிமிடம் போதும். பாரின் பின்பக்கத்துத் துளையும் எண்ணெய் வரும் ஓட்டையும் பழைய பாரோடு பொருந்துகிறதா என்று ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பாருங்கள். செமி சிசல் கேளுங்கள். மெஷினின் கையேட்டில் சொல்லப்பட்ட பார் அளவுகளில், நீங்கள் அடிக்கடி அறுக்கும் மரத்தின் பருமனை மூடும் மிகக் குட்டையானதை எடுங்கள். ரோலிலிருந்து வெட்டி ரிவெட் அடித்துத் தரும் கடைக்காரரிடமும் இந்த எண்களையே சொல்லுங்கள். இன்ச்சை மட்டும் கேட்டுவிட்டுச் செயினை நீட்டும் கடையில் வாங்காதீர்கள்.

விற்பவர்களுக்கும் ஒரு கடமை இருக்கிறது. பெட்டியின்மேல் 22 இன்ச் என்று பெரிதாக அச்சிட இடமிருக்கிறதென்றால், பிட்ச், கேஜ், டிரைவ் லிங்க் எண்ணிக்கையையும் அந்த எஞ்சின் பாதுகாப்பாக ஓட்டக்கூடிய பார் அளவையும் தமிழில் அச்சிடவும் இடமிருக்கும். அதைச் செய்யாமல் நீளத்தைப் பலமென்று விற்பது, தெரிந்தே ஒரு கூலித் தொழிலாளியை ஆபத்தில் நிறுத்துவது. வாங்குகிறவர்கள் எண்களைக் கேட்கத் தொடங்கினால் விற்பவர்கள் எண்களைச் சொல்லத் தொடங்குவார்கள். இந்தச் சந்தை திருந்துவதற்கு அதுதான் முதல் படி. அது வாங்குகிற ஒவ்வொருவர் கையிலும் இருக்கிறது.